சரி என்று சொல்ல முடியாத பௌர்ணமி

சம்பளம் பாதியாகக் குறைந்த மாதத்திலிருந்து நான் நிம்மதியாக ஒரு வேளை சோறு தின்னவில்லை. அண்ணாமலையாரை நம்பும் உங்களிடம் இதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்?

அடி அண்ணாமலை என் சொந்த ஊர். வேலை சென்னையில், அரசாங்க விமானக் கம்பெனியில். பெட்டிகளை ஏற்றி இறக்கும் பிரிவு. "ஏரோப்ளேன் கம்பெனி, உனக்கென்னப்பா கொறச்சல்" என்பார்கள் ஊரில். அட, அந்தக் குறைச்சலை யாரிடம் போய்ச் சொல்வது? கம்பெனி நஷ்டத்தில் ஓடியது. முதலில் ஓவர்டைமை நிறுத்தினார்கள். பிறகு அலவன்ஸ் போனது. அப்புறம் சம்பளத்திலேயே கை வைத்தார்கள். கடைசியில், "இரண்டு வருடம் சம்பளமில்லாத லீவில் போங்கள், நிலைமை சரியானதும் கூப்பிடுகிறோம்" என்றார்கள். சம்மதிக்காதவர்களை வேலையைவிட்டே தூக்கிவிடுவார்கள் என்று பேச்சு. எனக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் நர்சிங் படிக்கிறாள். அவள் போன் செய்தாலே ஃபீஸ் கேட்பாளோ என்று எடுக்கத் தயங்குவேன்.

நான் வேறு வாய்க்காரன். கோபம் வந்தால் எதிரே நிற்பது யார் என்று பார்க்கமாட்டேன். மேனேஜரிடம் கத்திவிட்டுத்தான் போன ஐப்பசிப் பௌர்ணமிக்கு ஊருக்கு வந்தேன். என் மனைவி கலா தலையில் அடித்துக்கொண்டாள்.

"உங்க வாய் இருக்குதே வாய்! இன்னிக்கு மௌனமா மலைய சுத்துங்க. திரும்பி கோபுரத்துக்கு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. எதுவா இருந்தாலும் மனசுக்குள்ள அண்ணாமலையார்கிட்டயே சொல்லுங்க."

ராஜகோபுரத்தின் முன்னால் கற்பூரம் ஏற்றினேன். 'ஈஸ்வரா, இந்த வேலை மட்டும் கையைவிட்டுப் போகக்கூடாது' என்று வேண்டிக்கொண்டு வாயை மூடினேன். கலாவும் கூட நடந்தாள். மத்தியானம் மழை விட்டிருந்தது. வெறுங்காலில் ஜல்லி குத்தியது.

எங்கள் தெருமுனையைத் தாண்டும்போது போன் அடித்தது. மேனேஜர். கலா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அவரு மௌன விரதம் சார். மலை சுத்திக்கினு இருக்காரு."

"சாயங்காலத்துக்குள்ள பேர் அனுப்பணும்மா. லீவுக்கு சரின்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க, போதும். இல்லன்னா அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

விரதம் இருக்கச் சொன்னவளே அழ ஆரம்பித்தாள்.

"சொல்லிடுங்க. வேலையாச்சும் நிக்கட்டும். சாமி கோவிச்சுக்காது."

சரி என்கிற வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், என்னை அடக்கியது பக்தி இல்லை, பயம். மலையைப் பாதி சுற்றிவிட்டு வாக்கை முறித்தால் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். தலையைக்கூட அசைக்கவில்லை. மேனேஜர் சலித்துக்கொண்டு போனை வைத்தார்.

மீதி வழியெல்லாம் அழுகை. 'காப்பாத்துன்னு கேட்டா, நீயே கெடுத்துட்டியே!' என்று மனசுக்குள் மலையைத் திட்டிக்கொண்டே நடந்தேன். கோபுரத்தடிக்கு வந்ததும் சரி சொல்லிவிட மேனேஜரைக் கூப்பிட்டேன்.

"பேருங்க போயிடுச்சுப்பா. இனிமே உன் தலையெழுத்து" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் இன்றுதான் கடைசி என்று நினைத்தே டியூட்டிக்குப் போனேன். பெட்டியைத் தூக்கினால் நழுவும். ஆனால் லீவுக்குச் சம்மதித்தவர்கள் போனதும் பெட்டி ஏற்ற ஆள் போதவில்லை. விமானங்கள் தாமதமாகக் கிளம்பின. பயணிகள் சண்டை போட்டார்கள். மிச்சம் இருப்பவர்களை நீக்கப் போவதில்லை என்று உத்தரவு வந்தது. அதே மேனேஜர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு ரெண்டு ஷிஃப்ட்டும் பாத்துக்கிறியாப்பா?" என்று கெஞ்சினார். வெட்டிய சம்பளம் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் மாதாமாதம் வருகிறது. மகளின் படிப்பு நிற்கவில்லை. என் புத்தியை நம்பியிருந்தால் நானே என் வேலையை விட்டுக்கொடுத்திருப்பேன். அவர்தான் காப்பாற்றினார். இதை யார் எங்கே கேட்டாலும் சொல்வேன்.

ஆனால் முழுச் சந்தோஷம் இல்லை. என்னோடு ஒரே ஷிஃப்டில் இருந்த போளூர் சேகர் அன்று சாயங்காலம் சரி என்று சொல்லிவிட்டான். சம்பளம் கொடுக்கப் பணமில்லை என்று கம்பெனி அவனை இன்னும் வேலைக்குக் கூப்பிடவில்லை. "நீ எப்பிடிடா தப்பிச்ச?" என்று கேட்டான்.

அப்போதிருந்து பௌர்ணமிதோறும் சுற்றுகிறேன். எனக்காக எதுவும் கேட்பதில்லை. கஷ்டத்தில் இருக்கும் நீங்களும் நம்பி வாருங்கள், அவர் கைவிடமாட்டார். வரும்போது போளூர் சேகருக்காகவும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவனுக்கும் இரண்டு பிள்ளைகள்.