செம்பில் ஆற வைத்த சோடா

1. தீபாவளிக்கு முறுக்கு சுட்ட எண்ணெய் மிஞ்சியது. அதில் சோப்பு செய்து பார்க்க நினைத்தேன்.
2. காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, குடிதண்ணீர்ச் செம்பில் ஆற வைத்தேன்.
3. சோப்பு அச்சை எடுக்க மாடிக்குப் போனேன்.
4. புல் வெட்டிவிட்டு வந்த அப்பா செம்பிலிருந்து ஒரு மடக்குக் குடித்தார்.

மலேசியாவில், ஷா ஆலம் நகரில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். எந்தக் கரைசலுக்கும் லேபிள் ஒட்ட வேண்டும் என்பதுதான் புதியவர்களுக்கு நான் சொல்லித் தரும் முதல் பாடம். வீட்டில், ஐந்து நிமிடம்தானே என்று விட்டுவிட்டேன்.

மருத்துவமனையில் அண்ணன் எல்லோர் முன்னாலும் கேட்டான்: “ஃபேக்டரில லேபிள் இல்லாத பாட்டிலப் பாத்தா கத்துவீங்கல்ல, மேடம்? அப்பா என்ன, ஃபேக்டரி ஆளவிட மட்டமா?”

“விடு லா, அவளுக்கு சோப்புதானே முக்கியம்” என்றார் அம்மா.

இப்போது எந்த ரசாயனத்தையும் நான் வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. சமையலறையில் எல்லாப் பாத்திரத்திலும் லேபிள் இருக்கிறது. அப்பாவின் உணவுக்குழாய் வெந்து சுருங்கிவிட்டது. வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக நான்தான் கஞ்சி ஊற்றுகிறேன். குவளையில் ‘கஞ்சி’ என்று ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு வேளையும் அப்பா அதைப் படித்துப் பார்க்கிறார். பிறகு, முதலில் என்னைக் குடிக்கச் சொல்லிச் சைகை காட்டுகிறார்.