வாசலில் நின்ற தண்டல்

பினாங்குத் துறைமுகத்தில் கூலிகளை வேலை ஏவும் தண்டல் அவர். குட்டையான ஆள். எங்கள் சங்கக் கூட்டத்தில் ஒருநாளும் உட்காரமாட்டார், வாசலில் நிற்பார். தலைவர் தேர்தலில் யார் பெயரைச் சொல்லும்போது தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போடுகிறாரோ, அவருக்குத்தான் கைகள் உயரும். இங்கிலீஷ் படித்த நான் இரண்டு முறை தோற்றேன்.

வயிற்றெரிச்சலை மறைத்துக்கொண்டு கேட்டேன். "அண்ணே, நீங்களே தலைவரா உக்காந்தா என்ன?"

"உக்காந்தவனத்தான் தம்பி எந்திரிங்கிறானுங்க. நிக்கிறவன என்ன செய்வானுங்க?"

மறுவருஷம் என் பெயருக்குத் துண்டு இறங்கியது. மாலையோடு நாற்காலியில் உட்கார்ந்து, என் முதல் தீர்மானத்தை வாசித்தேன். அவர் சாவகாசமாக வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். துண்டு இறங்கும்வரை ஒரு கைகூட எழவில்லை.

வெட்கக்கேடு, என் கையும்தான்.