வலை நனையாமல் வந்த மீன்

எண்பதுகளில் ஒரு கோடை. சிலமலைக் கண்மாயில் மீன் பிடித்துத்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. கண்மாய் வற்றிவிட்டதால், என் கணவர் மலையிலிருந்து இறங்கும் ஓடைக்குப் போனார். காலையிலேயே கூடை நிறைய மீனோடு திரும்பினார்.

"வலையே நனையல புள்ள. செத்து மெதந்துச்சு, அள்ளிட்டு வந்தேன். வெயிலுக்குச் செத்திருக்கும். வெரசா வித்துட்டு வா" என்றார்.

ஊரில் வாங்கியது பக்கத்துத் தெரு மாரியம்மா அக்கா மட்டும்தான், நிறைமாதக்காரி. மிச்சத்தை விற்கப் போடிக்குப் போகும் வழியில் ஓடையைக் கடந்தேன். கரையில் கொக்குகள் செத்துக் கிடந்தன. ஒன்றின் அலகில் பாதி மீன் இருந்தது. மேலே மலையில் இருக்கும் ஏலக்காய்த் தோட்டத்தில் பூச்சிமருந்து டின்களை இந்த ஓடையில்தான் கழுவுவார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

கூடையைப் போட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். அக்கா சோற்றைப் பிசைந்து கையில் எடுத்திருந்தார்.

"வாயில வச்சிராதீங்கக்கா, மருந்துத் தண்ணி மீனு" என்று தட்டிவிட்டேன்.

"இப்பத்தான் உக்காந்தேன் ஆத்தா" என்றார் அக்கா. மீன்தலையைத் தின்ற பூனை வாசலில் கைகால் இழுத்துக்கொண்டு கிடந்தது.

அக்காவுக்கு நல்லபடியாகப் பெண் பிறந்தது. ஆனாலும் அந்தக் கை வாய்க்குப் போவது இன்னும் என் கனவில் வருகிறது. சில கனவுகளில் நான் போய்ச் சேருவதேயில்லை.

அன்றிலிருந்து மிதக்கும் மீனை நாங்கள் தொடுவதில்லை. தண்ணீர் ஊற்றிய அண்டாவில் உயிரோடு கொண்டுபோய் விற்கிறேன். துடிக்கிற மீன் என்று ஜனங்கள் காத்திருந்து வாங்குவதால் பிழைப்பும் தேறியிருக்கிறது. இருந்தும், மீன் வாங்கிய வீடுகளின் வழியே மறுநாள் ஒரு நடை நடந்து, எல்லோரும் நடமாடுகிறார்களா என்று பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்குகிறது.