என்னைக் கேட்காமல் பதிந்த விவரம்

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் அலிப்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ஒரு நாள் என் மேஜைத் தொலைபேசியில் முன்பின் தெரியாத ஒருவர் தமிழில் கேட்டார்:

"உங்க எடை நெட்ல போட்டிருக்கிறதுதானா? படத்துல கொஞ்சம் கூடுதலாத் தெரியுதே."

நான் எந்தத் திருமணத் தளத்திலும் பதிவு செய்ததில்லை. மதிய இடைவேளையில் பவானிபூர் போய் ஒரு சைபர் கஃபேயில் தேடினேன். இருந்தேன். அக்கா கல்யாணத்தில் எடுத்த படம். அக்காவை வெட்டிவிட்டு, என் தோள்மேல் அவள் கையை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். சம்பளம், நட்சத்திரம், அலுவலக எண் எல்லாம் இருந்தன. கீழே ஒரு வரி: 'அடக்கமானவள். திருமணத்துக்குப் பின் வேலையை விடச் சம்மதம்.' தொடர்புக்கு அக்கா கணவரின் மின்னஞ்சல்.

விவரத்தை நீக்கச் சொல்லித் தளத்துக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

"பதிவு செஞ்சவர் மெயில்லேருந்து வந்தாத்தான் எடுக்க முடியும், மேடம்."

"அதுல இருக்கிறதே நான்தாங்க."

"இருக்கலாம் மேடம். ஆனா பதிவு செஞ்சது நீங்க இல்லையே."

ரிசீவரை அறைந்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தானும் அக்காவும் பெஹாலாவில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். இலை போடும் முன்பே கேட்டுவிட்டேன்.

"உன் நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்றார் அத்தான்.

"என்னைக் கேட்டீங்களா?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பே."

இதை அவர் நியாயமான பதிலாகவே நினைத்தார். அப்பாவுக்கோ வேறு கவலை. "மாப்பிள்ளைகிட்ட பேசற பேச்சா இது?" என்றார். அக்கா தரையைப் பார்த்தபடியே, "படத்தை நான்தான்டி எடுத்துக் கொடுத்தேன்" என்றாள்.

சாப்பாடு முடிந்ததும் அத்தானைத் தெருமுனை சைபர் கஃபேக்குக் கூட்டிப்போனேன். பக்கத்திலேயே நின்றேன். கடவுச்சொல்லை அடிக்கும்போது நான் பார்க்காதபடி இடது கையால் விசைப்பலகையை மறைத்துக்கொண்டார். அன்று அவரை அடிக்காமல் விட்டது எப்படி என்று இன்றும் தெரியவில்லை.

விவரத்தை நீக்கினார். ஆனால் அதற்குள் யார் யாரோ அதைப் பிரதி எடுத்திருந்தார்கள். மாதக்கணக்கில் அழைப்புகள் வந்தன. முதலில் விளக்கினேன், பிறகு திட்டினேன். கடைசியில் ஒருவர் என் பெயரைச் சொல்லிக் கேட்டபோது, என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே, அப்படி யாரும் இங்கே வேலை செய்யவில்லை என்று சொல்லி வைத்தேன்.