அவள் கேட்க நான் ஒப்பித்த அட்டவணை

என் மனைவியிடம் நான் சொன்ன ஒரு பொய்யைப் பற்றி எழுதுகிறேன். அவள் இப்போது இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு இணையத்தில் பிளாக்ஜாக் விளையாடத் தொடங்கினேன். கணிதம் படித்தவன் என்ற திமிர் எனக்கு உண்டு. அதிர்ஷ்டத்தை நம்பி விளையாடுகிறவர்களை இளக்காரமாகத்தான் பார்ப்பேன். இந்த ஆட்டத்துக்கு அடிப்படை உத்தி என்று ஓர் அட்டவணை இருக்கிறது. கையிலுள்ள சீட்டுகளின் கூட்டுத்தொகையையும், எதிரே ஆட்டத்தை நடத்துகிறவர் திறந்து காட்டும் ஒற்றைச் சீட்டையும் வைத்து, இன்னொரு சீட்டு எடுப்பதா, நிற்பதா, பந்தயத்தை இரட்டிப்பதா என்று அது சொல்லிவிடும். கூட்டுத்தொகை இருபத்தொன்றைத் தாண்டினால் தோல்வி.

அட்டவணையைப் பிழையில்லாமல் பின்பற்றினாலும் கடைசியில் இலாபம் ஆட்டத்தை நடத்துகிறவருக்குத்தான். நமக்கு இழப்புக் குறையும், அவ்வளவே. இதை நானே கணக்குப் போட்டுச் சரிபார்த்தேன். அதன் பிறகும் மனப்பாடம் செய்தால் வெல்லலாம் என்றே நம்பினேன். பரீட்சைகளில் முழுப் புள்ளி எடுத்துப் பழகிய எனக்கு, எல்லா விடைகளும் சரியாக இருந்தும் ஒருவன் தோற்கலாம் என்பது மனதில் ஏறவில்லை.

அப்போது மனைவியின் சிறுநீரகங்கள் கைவிட்டிருந்தன. வாரத்தில் மூன்று காலைகள் ஒஸ்லோவில் ஒரு மருத்துவமனையில் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். நான் பக்கத்தில் இருப்பேன். அதற்கு முன்பு, ஈழத்திலிருந்து வந்த எங்கள் ஆட்கள் கூடும் மண்டபங்களில் முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாடும்போது நாங்கள் இருவரும் எப்போதும் ஒரே சோடி. அவள் இறக்கும் சீட்டைப் பார்த்தே கையில் மிச்சம் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இப்போது அவளுடைய ஒரு கையில் ஊசிகள். சீட்டை விரித்துப் பிடிக்க முடியாது.

ஒருநாள் அங்கே என் கையிலிருந்த அட்டவணைத் தாளைப் பார்த்துவிட்டாள்.

“என்னப்பா அது, கட்டம் கட்டமா?”

“ஞாபகப் பயிற்சி. வயசு போனவைக்கு நல்லதாம்.”

“அப்ப இஞ்சை தாங்கோ, நான் கேக்கிறன். உங்களுக்குக் கண்ணாடி வைச்ச இடமே ஞாபகமில்லை.”

மறுக்க நினைத்தேன். ஆனால் அவள் கையை நீட்டிவிட்டாள்.

“பதினாறு. அங்கால பத்து.”

“எடுக்கிறது.”

“பன்னிரண்டு. அங்கால நாலு.”

“எடுக்கிறது.”

“பிழை! நிக்கிறது. பட்டதாரியாம் பட்டதாரி!”

அவள் அப்படிச் சிரித்து நெடுநாளாகியிருந்தது. மூன்றாம் மணி நேரத்தில் வழக்கமாக வரும் காற்பிடிப்பைக்கூடப் பொருட்படுத்தாமல் கேள்வி கேட்டாள். சில வாரங்களில் அவளுக்கே முழு அட்டவணையும் பாடமாகிவிட்டது. பிற்பகலில் வீட்டில் அவள் களைத்து உறங்கும்போது, அவள் திருத்திய விடைகளோடு அடுத்த அறையில் நான் காசு வைத்து விளையாடினேன். போன காசு பெரிதல்ல என்று சொல்லிக்கொண்டேன். அது சிறிதுமல்ல.

நோர்வேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண் ஒருத்தி அந்த மருத்துவமனையில் தாதியாக இருந்தாள். தலையணையைச் சரிசெய்ய வந்தவள் தாளை எடுத்துப் பார்த்தாள்.

“அன்ரி, இது பிளாக்ஜாக் எல்லோ? காசு வைச்சு விளையாடுறனீங்களோ?”

மனைவி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

“சீ, இல்லைப் பிள்ளை. அங்கிளுக்கு ஞாபகத்துக்கு.”

“ஓ, அப்பச் சரி. என்ர சிநேகிதன் ஒருத்தனும் இதைத்தான் பாடமாக்கினவன். பிறகு வீட்டு வாடகைக்குக் காசில்லாமல் நிண்டவன்.”

அவள் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். மனைவி கூரையைப் பார்த்தபடி கேட்டாள்.

“எவ்வளவு காலமா?”

“ஒரு வருசம்.”

“அதுக்கு என்னையும் கேள்வி கேக்க வைச்சியள், என்ன?”

நான் தாளை எடுத்து மடித்தேன்.

“முப்பது வருசம் உங்களோட சோடியா விளையாடினனான். ஆரோட விளையாடுறன் எண்டு தெரியாமல் இருந்திருக்கிறன்.”

அவள் கோபித்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்று இப்போது எழுதுவது எளிது. அன்று கேட்கவில்லை.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போக நான் காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு நின்றபோது அவள் தன் குளிரங்கியின் பொத்தான்களைத் தானே பூட்டிக்கொண்டிருந்தாள்.

“நீங்கள் வரவேண்டாம். டாக்சிக்குச் சொல்லிப்போட்டன்.”

“ஏன், நான் வாறன்.”

“அங்கை வந்து இருந்து என்ன செய்யப்போறியள்?”

சாதாரணமாகத்தான் கேட்டாள். அன்றிலிருந்து கடைசி வரை, பத்து மாதங்கள், தனியாகவே போய் வந்தாள்.

அன்றே சூதாட்டத்தை விட்டுவிட்டேன் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். அது உண்மையல்ல. அவள் தனியாகப் போன முதல் நாள் அந்த டாக்சி பனிச்சேற்றில் திரும்பிப் போவதைச் சன்னலில் நின்று பார்த்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. நான்கு மணி நேரம் யாரிடமும் எதையும் மறைக்க வேண்டாம். சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கணினியைத் திறந்தேன். அவள் திரும்பி வந்து இரண்டாம் முறை கதவுமணியை அடித்த பிறகுதான் எழுந்தேன்.