நாலாவது கை

பிறருக்குக் கற்றுக்கொடுப்பவர் எந்த இடத்தில் தன் கையை எடுத்துக்கொள்ள வேண்டும்? சீக்கிரம் எடுத்தால் பிள்ளை தடுமாறிவிடும். எடுக்காமலே இருந்தால் நம் கையை நம்பியே வளர்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் சரியான நேரம் ஒன்று உண்டு என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. அது எது என்று மட்டும் எந்த நூலும் சொல்லவில்லை. ஏலவார்குழலியை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி ஒருமுறையாவது வந்திருக்கும்.

உத்திரமேரூரில் பட்டுத்தறி வைத்திருந்த நமச்சிவாயத்தின் தங்கை அவர். தீட்சை பெற்ற சைவக் குடும்பம். முட்டைகூட அந்த வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. பந்தியில் பக்கத்து இலையிலிருந்து ஒரு பருக்கை தெறித்து விழுந்தாலும் எழுந்து கை கழுவிவிடுவார்கள். குழலி பால்வாடி ஆசிரியை. பெரிய திறமைசாலி என்று சொல்ல முடியாது. பாட்டு வராது. குழந்தைகளைக் கொஞ்சவும் தெரியாது. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்வார், அவ்வளவுதான்.

1981ஆம் ஆண்டை ஊனமுற்றோர் ஆண்டாக உலகம் முழுவதும் கொண்டாடினார்கள். அந்த வருடம் சென்னையில் ஒரு தொண்டு நிறுவனம், மனவளர்ச்சி குறைந்த சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க பால்வாடி ஆசிரியைகளுக்குப் பயிற்சி தொடங்கியது. மற்றவர்கள் தயங்கினார்கள். குழலியைக் கேட்டார்கள், போனார்.

பயிற்சி கொடுத்தவர் பாக்கியமேரி. அவருடைய முதல் பாடமே கண்ணைப் பற்றியதுதான். பிள்ளை செய்ததை எழுது, நீ நினைத்ததை எழுதாதே என்பார். "பிடிவாதம் பிடித்தாள்" என்று குழலி எழுதிக்கொண்டு போனபோது கேட்டார்: "ஏம்மா, இந்தப் பிடிவாதம் எங்க இருந்துச்சு? கையிலயா, மூக்குலயா? நீ பாத்தது இன்னா, அதச் சொல்லு."

"தட்டைத் தள்ளினா மேடம்."

"அப்ப அத எழுது. பிடிவாதம் உன்னுது."

இரண்டாவது பாடம் கையைப் பற்றியது. ஒரு செயலைச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைக்க வேண்டும். சோறு உண்பதென்றால் தட்டுக்குக் கை போவது ஒன்று, சோற்றைச் சேர்ப்பது ஒன்று, வாய்க்குக் கொண்டுவருவது ஒன்று. ஆசிரியை பின்னால் உட்கார்ந்து, பிள்ளையின் கைமேல் தன் கையை வைத்து எல்லாவற்றையும் செய்விக்க வேண்டும். உதட்டருகே வந்ததும் விட்டுவிட வேண்டும். கடைசித் துண்டு பிள்ளையுடையது. பிறகு கொஞ்சம் முன்னாலேயே விட வேண்டும், பிறகு இன்னும் முன்னால். கை மணிக்கட்டுக்கும் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கும் நகர்ந்து, ஒருநாள் இல்லாமல் போகும்.

ஊருக்குத் திரும்பி ஒரு பிள்ளைக்குக் கற்பித்துக் காட்டினால்தான் சான்றிதழ். கடைத்தெருவில் கயிறும் லாந்தரும் விற்ற குத்புதீனின் மகள் மெஹர்பானுவைக் குழலி எடுத்துக்கொண்டார். ஆறு வயது. பேச்சு சில சொற்கள்தான். தாய் ஜுனைதா ஊட்டினால்தான் சாப்பாடு.

ஜுனைதாவின் தாய்வீடு வாலாஜாபாத்தில். தெற்கே கடலோரத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்த குடும்பம். விருந்து என்றால் அகலமான ஒரே தட்டைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து உண்பார்கள். அந்தத் தட்டுக்குச் சகன் என்று பெயர். அப்படிப்பட்ட நாட்களில் மெஹருக்கு முன்கூட்டியே ஊட்டி, பின்னறையில் விட்டுத் தாழ்ப்பாள் போட்டுவிடுவார்கள்.

"படிப்பெல்லாம் வாணாம் டீச்சர்," என்றார் ஜுனைதா முதல் நாளே. "அத்தினி பேரும் சகன்ல குந்திக்கினு சாப்புட்றப்ப இவ உள்ள கதவத் தட்டிக்கினு கீறா. எனக்குச் சோறு எறங்குமா? ஒரு தபா எங்கூட அவளும் குந்தணும். அது போதும்."

குழலி தலையாட்டினார். ஆனால் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. பயிற்சியில் சொன்னபடி, விளிம்பு உயர்ந்த தட்டு ஒன்றை வாங்கிவந்து, இது உன்னுடையது, இது உன்னுடையது என்று மெஹருக்குப் பழக்கினார். பின்னால் உட்கார்ந்து கைபிடித்தார். மாதங்கள் போயின. கை முழங்கைக்கு நகர்ந்து, பிறகு விலகியது. பாக்கியமேரி வந்து பார்த்த அன்று மெஹர் தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தானே உண்டாள். குழலிக்குச் சான்றிதழ் கிடைத்தது.

பெருநாளன்று ஜுனைதா மகளைச் சகனில் உட்காரவைத்தார். மெஹர் தட்டு முழுவதையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவள் முன்னால் நீண்ட அத்தையின், குத்புதீனின் அக்காவின், கையைக் கடித்துவிட்டாள்.

"இன்னா ஜுனைதா, கடிக்கறதுக்கா டீச்சர் வெச்சுப் படிக்க வெச்சே?" என்றார் அத்தை, கையை உதறிக்கொண்டே. எல்லோரும் சிரித்தார்கள். ஜுனைதா சிரிக்கவில்லை. மெஹர் மறுபடி பின்னறைக்குப் போனாள்.

நடந்ததைக் கேட்ட பாக்கியமேரி சொன்னார்: "நீ அவளுக்குச் சாப்புடக் கத்துக் குடுக்கலம்மா, அந்தத் தட்டக் கத்துக் குடுத்துட்ட. நானும் அதுக்குத்தான் பாஸ் போட்டேன்."

ஜுனைதாவின் தம்பிக்கு வாலாஜாபாத்தில் நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. அதற்குள் முடியுமா என்று ஜுனைதா கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் குழலியைத் திரும்ப அந்த வீட்டுக்கு வரவழைத்தது போலும்.

இம்முறை சகனையே இறக்கச் சொன்னார். சர்க்கரை போட்ட பால்சோறு. தாய், அத்தை, மெஹர், நாலாவதாகக் குழலி. மற்ற கைகள் தட்டுக்குள் வருவதை மெஹர் பார்த்துப் பழக வேண்டும். அவள் டீச்சரின் கையைத்தான் உற்றுப் பார்த்தாள். குழலி சோற்றை எடுத்து உருட்டினார். எச்சில் தட்டு. வாய்க்குக் கொண்டுபோவது போலப் பாவனை செய்து ஓரத்தில் வைத்தார். மெஹரும் உருட்டினாள், வாயருகே கொண்டுபோனாள், ஓரத்தில் வைத்தாள். அடுத்த உருண்டையும் அப்படியே.

அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "டீச்சரும் புள்ளையும் கொயுக்கட்டை புடிச்சு அடுக்கறாங்கடி! யாருக்குப் படையல்?"

குழலியின் முகம் சுருங்கியது. அன்று சீக்கிரமே கிளம்பிவிட்டார். மறுநாள் வந்தார், உட்கார்ந்தார், உருட்டினார், உண்டார். ஜுனைதா தலையைக் குனிந்துகொண்டார். மெஹர் உருட்டி உண்டாள்.

செய்தி தறி வீட்டுக்குப் போகாமல் இருக்குமா?

"அடுத்தவங்க எச்சில்ல கை வைக்கிறியாமே?" என்றார் நமச்சிவாயம்.

"பால்சோறுதாண்ணே."

"நான் சோத்தக் கேக்கல."

"வேல அது."

அண்ணன் தறிக்குத் திரும்பினார். வேலை என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் மரியாதை உண்டு. குழலி கொல்லைப் பக்கமாக வந்து குளித்துவிட்டு உள்ளே நுழைவது வழக்கமாயிற்று.

பிறகு பயிற்சி சொன்னபடியே விலகத் தொடங்கினார். இரண்டு வாய் உண்டு எழுந்தார். பிறகு ஒரு வாய். பிறகு உட்காரவே இல்லை, கதவோரம் நின்றார். கடைசியில் டீச்சர் அங்கே இல்லாமலே மெஹர் தாயோடும் அத்தையோடும் பக்கத்து வீட்டுப் பெண்ணோடும் சகனில் உண்டாள். வேலை முடிந்தது என்று சொல்லலாம்.

நிக்காஹ் நாளில் பெண்கள் பக்கம் ஒரே இரைச்சல். புது ஜமக்காளம், ஒலிபெருக்கி, அத்தர் வாசனை. சகன்கள் இறங்கின. ஜுனைதா, அத்தை, நடுவில் மெஹர். நாலாவதாக உட்கார வேண்டிய உறவுக்காரப் பெண் வேறொரு தட்டில் உட்கார்ந்துவிட்டார். மெஹர் காலியான அந்த இடத்தைப் பார்த்துவிட்டு இரண்டு கைகளையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டாள். தாய் அழைத்தும் எடுக்கவில்லை.

"புள்ளைக்கு வயிறு காயுது, உள்ள இட்டுக்கினு போய் ஊட்டேன்," என்றார் பக்கத்துத் தட்டு அம்மாள். அக்கறையாகத்தான் சொன்னார். ஜுனைதாவின் கண் நிறைந்தது. மகளைத் தூக்க முழந்தாளில் எழுந்தார்.

ஜுனைதா அழைத்து வந்து கதவோரம் நின்ற குழலிக்கு ஒரு வழி இருந்தது. பின்னால் போய் உட்கார்ந்து முழங்கையைத் தொட்டால் போதும். அதில் தேறியவர் அவர். ஆனால் முன்னால் வந்து நாலாவது இடத்தில் உட்கார்ந்தார்.

"ஐயோ டீச்சர், பிரியாணி!" என்று அத்தை கையைத் தடுத்தார். "ஒங்களுக்குத் தயிர்சோறு தனியா வெச்சிக்கீறோம்."

குழலி சகனுக்குள் கையை விட்டு, உருட்டி, வாயில் போட்டு மென்று விழுங்கினார். மெஹர் அவர் வாயையே பார்த்தாள். பிறகு தொடைக்கடியிலிருந்து ஒரு கை மெல்ல வெளியே வந்து தட்டுக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் தாயின் கை அருகே வந்தபோது, மெஹர் தன் முன்னாலிருந்த கறித்துண்டை அந்தப் பக்கம் தள்ளிவிட்டாள். ஜுனைதா அதை எடுத்து உண்டார். உண்டதா அழுததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பிள்ளை தொடங்கிவிட்டாள். இனி அவளுக்கு டீச்சர் தேவையில்லை. சகனில் நடுவில் எழுவது மரியாதையில்லைதான். ஆனால் அத்தையே, "போதும் டீச்சர், நீங்க எய்ந்துக்குங்க, தப்பில்ல," என்று சொன்னார். தயிர்சோறு காத்திருந்தது. பயிற்சியும் எழச் சொல்லியிருக்கும். குழலி எழவில்லை. தட்டு காலியாகும்வரை மற்ற மூவரோடும் சேர்ந்து உண்டார்.

அதற்குமுன் அவர் இறைச்சி தொட்டதில்லை, பின்னரும் தொட்டதில்லை. பல வருடங்கள் பல பிள்ளைகளுக்குக் கற்பித்தார். புதிதாக வரும் ஆசிரியைகளிடம், பின்னால் உட்கார், முழங்கையைத் தொடு, நேரத்தில் விடு என்றுதான் சொல்லிவந்தார்.

ஒருமுறை பாக்கியமேரி அந்த நிக்காஹ் நாளைப் பற்றிக் கேட்டார். "மொத வாய் புரியுது குழலி, அது புள்ளைக்காக. மீதி எதுக்கு?"

"தூறல் விழுது மேடம்," என்று சொல்லிவிட்டு, கொடியில் கிடந்த துணிகளை எடுக்கப் போனார் ஏலவார்குழலி.