எலுமிச்சம்பழத்தில் ஏறிய சப்பாத்து

அந்தப் படத்தை வீட்டில் போட்டது நான்தான். அதனால் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் நானே காரணம் என்று தங்கை இன்றும் சொல்கிறாள்.

ஒரு விளையாட்டு வீரனை வைத்து, அவன் காலில் போடும் சப்பாத்தை விற்க ஒரு கம்பெனி ஒப்பந்தம் போடுகிற படம் அது. உண்மைக் கதை என்று தொடக்கத்திலேயே எழுத்து ஓடியது. படத்தில் மைதானத்தைவிட மேசைதான் அதிகம் வந்தது. ஆட்கள் உட்கார்ந்து பேசினார்கள், எழுந்து நின்று பேசினார்கள், போனில் பேசினார்கள். ஆலைப் பேருந்து ஓட்டும் அப்பா அரை மணி நேரத்தில் தூங்கிவிட்டார். தங்கை பள்ளிப் பாடத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். அம்மா மட்டும் மடியில் கிடந்த பயற்றங்காயை மறந்துவிட்டுக் கடைசிவரை பார்த்தார்.

அம்மாவைக் கவர்ந்தது ஒரே ஒரு காட்சி. வீரனின் மாமா பேரத்துக்கு வருகிறார். கம்பெனிக்காரர் ஒரு விலை சொல்கிறார். மாமா வாயே திறக்கவில்லை. எதிரில் இருப்பவர் வியர்த்துப் போய், தானாகவே விலையை ஏற்றிக்கொண்டே போகிறார்.

"பாத்தியா?" என்றார் அம்மா. "பேசாமயே ஜெயிக்கிறான்."

பாசிர் கூடாங்கில் ஒரு மின்னணு ஆலையில் இருபது ஆண்டுகளாக மேற்பார்வையாளராக இருக்கும் அம்மா பேசித்தான் எல்லாவற்றையும் ஜெயித்திருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் கூடுதலாகக் கிடைத்த பத்து நிமிடம், பெண்களுக்குத் தனிப் பேருந்து, காண்டீனில் சைவக் குழம்பு எல்லாம் அவர் வாயால் வந்தவை. மௌனம் அவருக்குப் புதிய கருவி. அதைச் சோதித்துப் பார்க்க ஓர் ஆளும் அடுத்த வாரமே வந்து சேர்ந்தார்.

வந்தவர் பக்கத்து ஊரான மாசாயில் சப்பாத்துக் கடை வைத்திருப்பவர். சொந்தமாக ஓட்டச் சப்பாத்து தயாரித்து விற்கத் தொடங்கியிருந்தார். என் தங்கை பள்ளி அளவில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடுகிறவள். மாநில அணிக்கான தேர்வு ஓட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் அவள் தன் கடைச் சப்பாத்தைப் போட்டு ஓட வேண்டும் என்பது அவர் ஆசை.

"வருஷத்துக்கு ரெண்டு ஜோடிக்கா. ஒரு டி-சட்டை. கட வாசல்ல பாப்பா படத்தப் பெருசா மாட்டிருவேன். என்ன சொல்றீங்க?"

அம்மா சொல்லவில்லை. நேராக அவரைப் பார்த்தார்.

"சரி, மூணு ஜோடி."

அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"தொப்பி ஒண்ணு. தண்ணி போத்தல். சாக்ஸும் தர்றேன்க்கா." அவர் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லியா?"

"யோசிக்கிறாங்க அண்ணே."

"இல்ல, பல்லு வலியோன்னு பாத்தேன். எங்க வீட்ல இப்படித்தான், பல்லு வலிச்சா ஒரு வார்த்த வராது."

"பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு!" என்றார் அம்மா. அத்தோடு மௌனம் உடைந்தது. அதற்குள் மேசைக்கு வந்து சேர்ந்தவை: மூன்று ஜோடி, தொப்பி, போத்தல், காலுறை. பரிசோதனை வெற்றி என்றே அம்மா கணக்கில் வைத்துக்கொண்டார்.

"என்னைய யாராச்சும் கேட்டீங்களா?" என்று அறை வாசலில் நின்று தங்கை கேட்டாள்.

"நீ ஓடு. பேசறத நாங்க பாத்துக்கிறோம்."

ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்தது நான். பசை தயாரிக்கும் ஓர் ஆலையில் தரச் சோதனைப் பிரிவில் எனக்கு வேலை. எண் போட்டு எழுதாவிட்டால் எதுவும் எழுதப்பட்டதாகவே எனக்குத் தோன்றாது. ஏழு நிபந்தனைகள் எழுதினேன். நான்காவது, போட்டிகளில் இந்தச் சப்பாத்தைத் தவிர வேறெதையும் அணியக் கூடாது. ஆறாவது, ஓடுவதற்கு அல்லாமல் வேறு காரியத்துக்குப் பயன்படுத்திக் கெட்டுப்போனால் கடைக்காரர் பொறுப்பல்ல. ஆறாவதை யாரும் கேட்கவில்லை. எங்கள் ஆலையில் வெளியே போகும் ஒவ்வொரு மாதிரியோடும் அப்படி ஒரு வரி போகும். கை பழக்கத்தில் எழுதிவிட்டது.

தேர்வு ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை. முதல் ஜோடிச் சப்பாத்து வியாழக்கிழமை வந்தது. தங்கை அதைப் போட்டுக்கொண்டு எங்கள் தாமானின் வீட்டு வரிசைகளை ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து, கேட்டைப் பிடித்தபடி நின்றாள்.

"அக்கா, சுண்டுவெரல் வலிக்கலக்கா."

அது சின்ன விஷயமில்லை. சிறு வயது முழுக்க சிலிப்பரில் வளர்ந்த பாதங்கள் எங்களுடையவை. முன்பக்கம் விசிறி மாதிரி விரிந்திருக்கும். பெரிய கம்பெனிகளின் சப்பாத்து எதுவும் அவளுக்குப் பொருந்தியதில்லை. பழைய சப்பாத்தோடு ஓடிவிட்டு வரும் ஒவ்வொரு நாளும் சுண்டுவிரலுக்கு மருந்து போட்டிருக்கிறோம். கடைக்காரரின் சப்பாத்து நம் ஆட்களின் பாதத்தைப் பார்த்து வெட்டியது. அன்றைக்கு முதல்முறையாக அவள் ஒப்பந்தத்தைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னாள்.

அந்த மகிழ்ச்சியில் அம்மா நான்காவது நிபந்தனையை உடனே நிறைவேற்றினார். பழைய சப்பாத்து வெள்ளிக்கிழமை காலைக் குப்பை லாரியில் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை மாலை அம்மாவுக்குப் பூஜை நினைவு வந்தது. புதிதாக எது வந்தாலும் எங்கள் வீட்டில் பூஜை போடாமல் தொடுவதில்லை; இந்த முறை அவசரத்தில் மறந்துபோயிருந்தது. சப்பாத்தில்தான் சிக்கல். சாமி அறைக்குள் கொண்டுபோக முடியாது, கோவிலுக்கும் முடியாது. கோவில் ஐயருக்குப் போன் போட்டார். "வண்டின்னா வெளிய நிறுத்திப் பண்ணலாம்மா, சப்பாத்துக்கெல்லாம் நான் எங்க போறது?" என்று அவர் வைத்துவிட்டார். அம்மா அந்தப் பதிலின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"சப்பாத்தும் வண்டிதான். இவ அதுலதானே போறா."

கார் நிறுத்தும் இடத்தில் சப்பாத்து ஜோடியை வைத்தார். ஊதுவத்தி காட்டி, இரண்டின் மூக்கிலும் குங்குமம் இட்டு, வலதுக்கு ஒன்று இடதுக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தார். புதுக் கார் சக்கரத்துக்கு வைப்பது போலவே. தங்கை சப்பாத்தை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்த்தபடி பழங்கள்மேல் ஏறினாள்.

காரின் எடை ஓர் ஆயிரம் கிலோ. தங்கையின் எடை நாற்பத்து மூன்று. பழம் நசுங்கவில்லை.

"நசுங்காம எறங்கக் கூடாது. குதிடி!" என்றார் அம்மா.

குதித்தாள். இடது பழம் நசுங்கியது. வலது பழம் பக்கத்து வீட்டுச் சாக்கடைவரை பறந்தது. அவள் தடுமாறி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். காலுக்கு ஒன்றுமில்லை. கீழே பார்த்தால் வலது சப்பாத்தின் முன்பக்கம் அடியிலிருந்து பிரிந்து, தவளை வாய் மாதிரி திறந்திருந்தது.

அவள் அழவில்லை. படியில் உட்கார்ந்து இரண்டு விரல்களை அந்த வாய்க்குள் விட்டுப் பார்த்தாள்.

"நாளன்னிக்கி எதப் போட்டுக்கா ஓடுவேன்?"

அம்மா ஊதுவத்தியை அணைத்தார். எங்கள் வீட்டில் உண்மையான மௌனம் அப்போதுதான் வந்தது.

நான் கூப்பிட்டதும் கடைக்காரர் வேனில் வந்துவிட்டார். குங்குமத்தையும் தரையில் கிடந்த எலுமிச்சைத் தோலையும் பார்த்தார்.

"அலமாக்! என்னக்கா இது, சப்பாத்தா, புது லாரியா?"

"பூஜ போட்டது தப்பா? ஒங்க சப்பாத்து ஒரு எலுமிச்சங்கா தாங்காதா?"

"ஓடறதுக்குத்தானேக்கா குடுத்தேன்? ஆறாவது பாய்ண்ட படிங்க. ஒங்க பொண்ணு எழுதினதுதான்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தொழிலில் எனக்கு அப்படி ஒரு கணம் வந்ததில்லை. நான் வலது சப்பாத்தை எடுத்து, பிரிந்த இடத்தை நகத்தால் சுரண்டினேன். பசை முழுவதும் மேல்பாகத்திலேயே ஒட்டியிருந்தது. அடிப்பாகம் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருந்தது. ரப்பரைத் தேய்த்துச் சொரசொரப்பாக்காமல், ஒரு பக்கம் மட்டும் பசை தடவி அழுத்தியிருக்கிறார்கள்.

"இது பழம் பண்ண வேலையில்ல அண்ணே. வேன்ல வேற ஜோடி இருக்கா? பூஜ போடாதது?"

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாதிரி வேண்டும் என்பது எங்கள் பிரிவின் முதல் விதி. அவர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். துணி காயப்போடும் கம்பியில் சப்பாத்தைத் தலைகீழாகக் கட்டினேன். அடிப்பாகத்தின் நுனியில் அப்பாவின் இடுக்கியைக் கவ்வவிட்டு, அதில் ஒரு வாளியைத் தொங்கவிட்டேன். பிறகு குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றினேன். தங்கை எண்ணினாள். எட்டாவது குவளையில் புதுச் சப்பாத்து பட்டென்று வாய் திறந்தது. வாளி விழுந்து கடைக்காரரின் கால்சட்டை நனைந்தது.

நியாயமாக, பூஜை போட்ட இடது சப்பாத்தையும் சோதிக்க வேண்டும். சோதித்தேன். அது பதினோராவது குவளையில்தான் வாய் திறந்தது.

"பாத்தியா!" என்று அம்மா கைதட்டினார். "பூஜ போட்டது மூணு குவள கூடத் தாங்குது!"

"ஒரே ஒரு மாதிரிய வெச்சு அப்படிச் சொல்ல முடியாதும்மா."

"ஒனக்குச் சொல்ல முடியாது. எனக்கு முடியும்."

கடைக்காரர் சிரிக்கவில்லை. ஈரக் கால்சட்டையோடு வேன் படியில் உட்கார்ந்துவிட்டார். கடையின் பின்னறையில் கூரைவரை அடுக்கியிருக்கும் பெட்டிகளை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. "தங்கச்சி, இத ஒட்ட முடியுமா? வேற ஒண்ணும் வேணாம். பாப்பா ஓடணும்லா."

முடியும். வெள்ளி மாலை ஒட்டினால் ஞாயிறு காலைக்குள் பசை நன்றாக இறுகிவிடும். நான் ஒரு பட்டியல் எழுதி ஆளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். கடைக்காரர் இரும்புக் கடைக்குப் போய் நான் குறித்துக் கொடுத்த பசையும் உப்புத்தாளும் வாங்கி வந்தார். அப்பா மோட்டார் சைக்கிள் டியூப்பைக் கீற்றுக் கீற்றாக வெட்டினார். அம்மாவுக்குக் கொடுத்த வேலை, எதையும் தொடாமல் இருப்பது. அவர் அதைத்தான் மிகவும் சிரமப்பட்டுச் செய்தார்.

இரண்டு சப்பாத்தையும் முழுதாகப் பிரித்தேன். அடியைத் தேய்த்து, துடைத்து, இரண்டு பக்கமும் பசை தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, மறுபடி தடவி, பிறகு சேர்த்து டியூப்பால் இறுகச் சுற்றினேன். கடைக்காரர் ஒவ்வொரு படியையும் ஒரு பழைய ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். "ரெண்டு பக்கமுமா? ரெண்டு பக்கமுமா தடவணும்?" என்று நாலு தரம் கேட்டார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. பசைக்கு ஈரக் காற்று ஆகாது. வீட்டில் குளிர்சாதனம் உள்ள அறை ஒன்றுதான், அது அப்பா அம்மா படுக்கும் அறை. கட்டிலுக்குப் பக்கத்தில் சப்பாத்து ஜோடியை வைத்து, மேலே பலகை போட்டு, அதன்மேல் பத்துக் கிலோ அரிசி மூட்டையை ஏற்றினேன். படுக்கை அறைக்குள் சப்பாத்தா என்று அம்மா வாயைத் திறந்தார். தங்கையின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். பசை நெடியில் அந்த அறையில் யாரும் படுக்க முடியாது. சனிக்கிழமை முழுவதும் சப்பாத்து குளிரில் இருந்தது, நாங்கள் நால்வரும் வரவேற்பறையில் விசிறிக்கு அடியில் இருந்தோம். அப்பா மட்டும் ஒரு தடவை, "அது எப்ப எந்திரிக்கும்?" என்று கேட்டார்.

ஞாயிறு காலை அரங்கத்தில் அம்மாவும் நானும் கடைக்காரரும் கம்பி வேலியோரம் நின்றோம். அப்பாவுக்கு வேலை. தேர்வில் முதல் மூவரைத்தான் மாநிலப் பயிற்சிக்கு எடுப்பார்கள். மற்றவர்கள் அடுத்த ஆண்டு வரவேண்டும். தங்கைக்கு அடுத்த ஆண்டு பெரிய பரீட்சை. ஓடவிட மாட்டோம் என்று அவளுக்கும் தெரியும்.

துப்பாக்கி வெடித்தது. பன்னிரண்டு பேர். முதல் சுற்றில் நான் வலது சப்பாத்தின் முன்பக்கத்தைப் பார்த்தேன். மடங்கும்போது விரிசல் தெரிகிறதா, இல்லை. இரண்டாம் சுற்றில் இடது. தெரியவில்லை. மூன்றாம் சுற்றில் அவள் எங்களைக் கடந்தபோது மறுபடியும் வலது. அம்மா என் கையைப் பிடித்து, "ஒட்டியிருக்கா? ஒட்டியிருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைக்காரர் முழங்காலிட்டு, போனைத் தரைக்குப் பக்கத்தில் பிடித்து, வேலியின் அடிவழியாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கடைசி நூறு மீட்டரில் ஐந்தாறு பேர் ஒரே கொத்தாக வந்தார்கள். நான் அந்தக் கால்களின் காட்டுக்குள் இரண்டு சப்பாத்தை மட்டும் தேடிப் பிடித்து, கோடு தாண்டும்வரை விடாமல் பார்த்தேன்.

"புடிச்சிருச்சு! முழுசாப் புடிச்சிருச்சு!" என்று கத்தினேன். அலுவலகத்தில் யாரும் அப்படி என்னைக் கண்டதில்லை.

அம்மா என்னைக் கட்டிக்கொண்டார். கடைக்காரர் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அம்மா, "எத்தனாவதா வந்தா?" என்று கேட்டார்.

நான் கடைக்காரரைப் பார்த்தேன். அவர் போனைத் தட்டி ஓடவிட்டார். திரை முழுக்க முழங்காலுக்குக் கீழே பன்னிரண்டு ஜோடிக் கால்கள்.

"நீங்க பாக்கலியாக்கா?"

"நான் கண்ண மூடிட்டேன்யா. இவ பாத்துக்குவான்னு இருந்தேன்."

பக்கத்தில் நின்ற மலாய்க்கார அம்மாவிடம் கேட்கலாமா என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தங்கை இடுப்பில் கையை வைத்தபடி வேலியருகே வந்துவிட்டாள். முகமெல்லாம் வியர்வை. எங்கள் மூவரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"ஏன் இப்படி முழிக்கிறீங்க?"

அக்கா என்ற முறையில் நான்தான் கேட்டேன். "நீ எத்தனாவதுமா?"

அவள் என்னை முறைத்து, மூன்று விரல்களைக் காட்டி, தண்ணீர் போத்தலை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனாள்.